துருப்பிடித்த திருகாணி

கீழ்க்காணும் கட்டுரையைக் கருத்தூன்றி வாசித்திடுக. பின்னர்க் கொடுக்கப்பட்டுள்ள கேள்விகளுக்கு விடை எழுதிடுக.

வேகத்தை வெப்பமாக்கும் தட்டு

ஓடிக்கொண்டிருக்கும் மகிழுந்தை நிறுத்துவது எது? "பிரேக்" என்று நாம் ஒரே சொல்லில் விடை கூறிவிடுகிறோம். ஆயினும், ஓட்டுநர் மிதியை அழுத்தும் அந்த நொடியில் சக்கரத்திற்குள் நடைபெறும் வேலை எளிதானதன்று. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் உள்ள கட்டைகள் இறுகக் கவ்வுகின்றன. இத்தட்டே பிரேக் தட்டு. பட்டறைகளில் இதனை 'டிஸ்க்' என்பர். கவ்வும் கட்டைகள் 'பிரேக் பேட்' எனப்படும். அவற்றைத் தாங்கி அழுத்தும் பகுதி 'காலிப்பர்' ஆகும்.

உராய்வினால் வேகம் வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து ஒன்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 375,000 ஜூல். ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரைக் கொதிக்க வைக்க இந்த ஆற்றல் போதும். ஒருமுறை மகிழுந்தை முழுமையாக நிறுத்தினால், இதன் பெரும்பகுதியைப் பிரேக் தட்டுகளே ஏற்கின்றன.

இவ்வாறு நாள்தோறும் உழைக்கும் தட்டு சிறிது சிறிதாகத் தேய்கிறது. தட்டு எந்த அளவுவரை தேயலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் தட்டின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, புதிதாக இருக்கும்போது 21 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தட்டுக்கு 19 மில்லிமீட்டர் எல்லையாக இருக்கலாம். இரண்டே மில்லிமீட்டர் வேறுபாடுதான். எனினும், எல்லையைக் கடந்த தட்டு விரைவில் சூடேறும்; வளையவோ விரிசல் காணவோ கூடும். ஆகவே, எல்லையைத் தொட்ட தட்டை மாற்றியே ஆக வேண்டும்.

தட்டை மாற்றும் வேலையில் பெரிய பகுதிகளைக் கழற்றுவது கடினமன்று. சக்கர நட்டுகள் கழன்றுவிடும், காலிப்பரும் கழன்றுவிடும். இறுதியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தலையுடைய ஒரு திருகாணி அசைய மறுக்கும். அதனைக் கழற்றும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை.

அச்சாணி அன்று, ஆனாலும் வேண்டும்

மலாக்கா மாநிலத்திற்கும் இந்தத் திருகாணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹோண்டா மலேசியா நிறுவனத்தின் தொழிற்சாலை, அலோர் காஜா மாவட்டத்தின் பெகோ பகுதியில் அமைந்துள்ளது. அங்கு 2003ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் இரண்டாவது உற்பத்திப் பிரிவு செயல்படத் தொடங்கியதும், ஆண்டுக்கு 100,000 மகிழுந்துகளை உருவாக்கும் ஆற்றலை அது பெற்றது. ஹோண்டா மகிழுந்துகள் பலவற்றில், பிரேக் தட்டு இரண்டு சிறு திருகாணிகளால் சக்கரக் குடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் விட்டமும் 14 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது.

'குடம்' என்பது நமக்குப் புதிய சொல்லன்று. மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியை நம் முன்னோர் அவ்வாறே அழைத்தனர். குடத்தின் வழியே அச்சு செல்லும். அச்சின் நுனியில் செருகப்படும் சிறிய ஆணியே சக்கரம் கழன்று போகாமல் காக்கும். திருவள்ளுவரும் 'வினைத்திட்பம்' என்னும் அதிகாரத்தில், உருவத்தைக் கண்டு ஒருவரை இகழக்கூடாது என்பதை விளக்க அச்சாணியையே உவமையாக்கினார்.

பிரேக் தட்டின் திருகாணியை அச்சாணியோடு ஒப்பிடலாமா? இங்குதான் வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அச்சாணி இல்லையேல் வண்டி ஓடாது. ஆனால், தட்டைக் குடத்தோடு இறுக்கி வைத்திருப்பவை நான்கு அல்லது ஐந்து சக்கர நட்டுகளே. சக்கரம் பொருத்தப்படும் வரை தட்டு நழுவாமலும் துளைகள் ஒன்றோடொன்று விலகாமலும் பார்த்துக்கொள்வது மட்டுமே திருகாணியின் கடமை.

எண்களும் இதனையே உணர்த்துகின்றன. இத்திருகாணியை இறுக்க வேண்டிய திருப்புவிசை 9.8 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை அது. ஹோண்டா மகிழுந்துகள் பலவற்றின் சக்கர நட்டுக்கோ 108 நியூட்டன் மீட்டர் தேவை. அதே நுனியில் பதினொரு கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு அது சமம். இவ்வளவு மெல்ல இறுக்கப்பட்ட திருகாணி, சில ஆண்டுகளுக்குப் பின் வலிமையான கைகளுக்கும் இளகாமல் போவது ஏன்?

இறுகுவதற்கான காரணங்கள்

முதற்காரணம் துரு. இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் சேருமிடத்தில் துரு உண்டாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். திருகாணியின் மரைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் அது பெருகும்போது, ஆப்பு அடித்ததுபோல் இரு பகுதிகளையும் இறுக்கிவிடுகிறது.

மலாக்காவின் சூழல் இதற்குத் துணைபுரிகிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மாநிலம் இது. கடற்கரையோரத்தில் உப்புக்காற்று வீசும். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் அவர்கள் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்ட காலம் முதல் தோட்டங்கள் நிறைந்த மாநிலமாகவும் இது விளங்குகிறது. தோட்டத்துச் செம்மண் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சக்கரங்களில் ஈரச்சேறு ஒட்டிக்கொள்ளும். செம்பனைக்கு இடப்படும் பொட்டாசிய உரத்தில் குளோரைடு உப்பு உண்டு. சேற்றோடு அந்த உப்பும் சேர்ந்தால் இரும்பு இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும்.

இரண்டாவது காரணம் வெப்பம். பிரேக் பிடிக்கும்போது தட்டு சூடாகி விரிகிறது. பின்னர்க் குளிர்ந்து சுருங்குகிறது. மழைநீர் தெறித்தால் அம்மாற்றம் திடீரென்று நிகழும். இவ்வாறு பல்லாயிரம் முறை விரிந்து சுருங்கும் மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன.

மூன்றாவது காரணம் திருகாணியின் வடிவம். அதன் தலை, புனலைப்போல் கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும். தட்டின் மேற்பரப்போடு சமமாக அமிழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வடிவம். ஆயினும், சரிவான பரப்பு ஆப்பைப்போல் பதிந்துவிடுவதால் தலைக்கும் தட்டுக்கும் இடையிலான உராய்வு மிகுகிறது. திருகாணியைப் பிடித்து வைத்திருப்பது மரை மட்டுமன்று, அதன் தலையும்தான்.

முதல் முயற்சியே முதன்மையானது

திருகாணித் தலையில் சிலுவை வடிவில் ஒரு பள்ளம் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936ஆம் ஆண்டில் இத்தகைய சிலுவைத் தலைக்குக் காப்புரிமை பெற்றார். மகிழுந்துத் தொழிற்சாலைகள் அதனை விரைந்து ஏற்றன. திருப்புளியின் நுனி பள்ளத்தின் நடுவில் தானாகவே சென்று பொருந்துவதால் வேலை வேகமாக முடிந்தது. ஆனால், இவ்வடிவத்தில் ஒரு குறையும் உண்டு. பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால், விசை மிகும்போது திருப்புளி மேலெழும்பி நழுவும். நழுவும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் விளிம்பு மழுங்கும்.

ஜப்பானியத் தரத்தில் அமைந்த சிலுவைத் தலை, பார்ப்பதற்குப் பிலிப்ஸ் தலையைப் போலவே இருக்கும். எனினும், பள்ளத்தின் அமைப்பில் நுட்பமான வேறுபாடு உண்டு. ஆகவே, அதற்கேற்ற நுனியே அதில் முழுமையாகப் பொருந்தும்.

அளவும் முக்கியமானது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது இரண்டாம் எண் திருப்புளி. பிரேக் தட்டின் திருகாணிக்குத் தேவைப்படுவதோ மூன்றாம் எண். சிறிய நுனியைப் பெரிய பள்ளத்தில் வைத்து முழு வலிமையோடு திருகினால், திருகாணி அசையாது. அதன் தலைதான் சிதையும். கையிலிருக்கும் கருவி பொருந்துகிறதா என்று பாராமல் திருகத் தொடங்குவதே பலரும் செய்யும் பிழை. பத்து நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை அதனால் பல மணி நேரமாக நீளும்.

கழற்றும் முறை

இவ்வேலையைப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றை அணிதல் கட்டாயம். பிரேக் தூசியைக் காற்றால் ஊதக்கூடாது. அது நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும்.

1. மகிழுந்தைச் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். வண்டியை உயர்த்துவதற்கு முன்பே சக்கர நட்டுகளைச் சற்று இளக்கிவிட வேண்டும். உயர்த்திய பின்னர், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கியை வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

2. தட்டு நன்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பின்னர், திருகாணித் தலையின் பள்ளத்தில் உள்ள துருவையும் அழுக்கையும் கம்பித் தூரிகையாலும் கூரிய ஊசியாலும் சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளம் அடைபட்டிருந்தால் எந்த நுனியும் ஆழமாகப் பதியாது.

3. துருவை ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் இட்டு, பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் விட்டுவைக்க வேண்டும். எண்ணெய் பிரேக் கட்டைகளின் மீது படக்கூடாது.

4. மூன்றாம் எண் நுனியைப் பள்ளத்தில் நேராக நிறுத்தி, சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். இந்த அதிர்ச்சியில் துருவின் பிடி உடையத் தொடங்கும். நுனியும் பள்ளத்தில் ஆழமாக அமரும்.

5. இதன் பின்னர், 'இம்பெக்ட் டிரைவர்' எனப்படும் கைக்கருவியைப் பயன்படுத்த வேண்டும். இதன் பின்புறத்தில் சுத்தியலால் அடித்தால், உள்ளிருக்கும் சரிவான அமைப்பு அந்த அடியைத் திருப்பமாக மாற்றும். அடி நுனியை உள்ளே அழுத்துகிறது. அதே கணத்தில் நுனியும் சுழல்கிறது. ஆகவே, நுனி நழுவி மேலெழ வாய்ப்பில்லாமல் போகிறது. சாதாரணத் திருப்புளியின் குறை இங்கு நீங்குகிறது.

6. அடிப்பதற்கு முன், கருவி கழற்றும் திசையில் வைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். கடிகார முள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையே கழற்றும் திசை. இறுக்கும் திசையில் வைத்து அடித்தால் நிலைமை மோசமாகும். கருவியை அதே திசையில் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் நேராகவும் உறுதியாகவும் ஓர் அடி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சில அடிகளிலேயே திருகாணி இளகிவிடும்.

திருகாணிகள் இளகிய பின்னர்க் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடையைப் பிரேக் எண்ணெய்க் குழாய் தாங்கும்படி விட்டுவிடக் கூடாது.

திருகாணிகள் வந்த பின்னும் தட்டு குடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதற்காகவே பல தட்டுகளில் மரையிட்ட இரண்டு துளைகள் உள்ளன. அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைச் செலுத்தி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் தட்டு கோணாமல் வெளியே வரும்.

தலை சிதைந்துவிட்டால்

பள்ளம் முழுவதும் மழுங்கிவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. திருகாணியைப் பிடித்து வைத்திருப்பதில் தலைக்கும் பங்குண்டு என்று முன்பே கண்டோம். எனவே, தலையை நீக்கிவிட்டால் பிடியும் தளரும். அனுபவமுள்ள ஒருவர், தலையின் நடுவில் ஒரு சிறு குழியை ஏற்படுத்தி, துளையிடும் கருவியால் மெதுவாகத் துளைப்பார். துளை திருகாணித் தண்டின் பருமனை எட்டியதும் தலை தனியே பிரிந்துவிடும். தட்டு எளிதாக வெளியே வரும். குடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுப் பகுதியைப் பூட்டும் குறட்டால் பற்றித் திருகினால், தலையின் இறுக்கம் நீங்கிவிட்டதால் பல வேளைகளில் அது கையோடு வந்துவிடும்.

மீண்டும் பொருத்துதல்

கழற்றுவதில் காட்டிய கவனத்தைப் பொருத்துவதிலும் காட்ட வேண்டும். குடத்தின் முகப்பில் படிந்துள்ள துருவை முழுமையாகத் தேய்த்து நீக்க வேண்டும். அங்கு ஒரு துணுக்கு எஞ்சியிருந்தாலும் புதிய தட்டு நேராக அமராது. பிரேக் பிடிக்கும்போது அதிர்வு தோன்றும். புதிய தட்டின் மீது பூசப்பட்டிருக்கும் காப்பு எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும்.

பழைய திருகாணியைத் திரும்பப் போடாமல் புதியதையே பயன்படுத்துவது நல்லது. அதன் மரையில் துருத்தடுப்புப் பசையை மெல்லியதாகத் தடவி, குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பசை தட்டின் உராய்வுப் பரப்பில் படக்கூடாது. சக்கர நட்டுகளை எதிரெதிராக, வரிசை மாறி இறுக்க வேண்டும். இறுதியாக, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி, அது உறுதிப்படுவதைக் காண வேண்டும். இதனை மறந்தால், முதல் முறை மிதிக்கும்போது வண்டி நிற்காமல் போகலாம்.

யாரும் பார்க்காத இடத்தில்

இப்போது ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். ஜாசினில் உள்ள ஒரு பட்டறையில் பயிற்சி பெறும் இளைஞன் ஒருவன் பிரேக் தட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான். பழைய தட்டின் தடிமன் 18 மில்லிமீட்டர், எல்லையோ 19. மாலை ஆறு மணிக்குப் பட்டறையை அடைத்துவிடுவார்கள். மகிழுந்தின் உரிமையாளர் அருகிலுள்ள தோட்டத்தில் வாழ்பவர். மறுநாள் விடியற்காலையில் தம் தந்தையைச் சிறுநீரகச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவசரத்தில் இளைஞன் தவறான நுனியைப் பயன்படுத்தியதால் திருகாணித் தலை சிதைந்துவிட்டது.

அவன் முன் ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய தட்டை அப்படியே விட்டுவிட்டு, புதிய கட்டைகளை மட்டும் பொருத்திச் சக்கரத்தை மாட்டிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மறுநாள் பிரேக்கும் வேலை செய்யலாம். ஆனால், பின்னொரு நாள் மழையில், பாரமேற்றிய லாரி ஒன்று முன்னே திடீரென்று நின்றால் என்னவாகும்?

மற்றொரு வழியும் உண்டு. "அண்ணே, திருகாணித் தலை போய்விட்டது. நான் சின்ன நுனியைப் போட்டுத் திருகிவிட்டேன்," என்று தலைமைத் தொழிலாளரிடம் கூறுவது. "இப்பவே சொன்னாயே, அது போதும் தம்பி. துளைக்கும் கருவியைக் கொண்டு வா," என்று அவர் கூறக்கூடும், கடிந்துகொள்ளவும் கூடும். எதுவாயினும், அன்று பட்டறை அரை மணி நேரம் தாமதமாக அடைக்கப்படும். ஒரு குடும்பம் பாதுகாப்பாகப் பயணம் செய்யும்.

இளைஞனிடம் அப்போது தேவைப்பட்டது கைவலிமை அன்று. உண்மையைச் சொல்லும் துணிவே. இயந்திரத் தொழிலில் பெரும்பாலான வேலைகள் சக்கரத்திற்குப் பின்னாலும் மூடிக்கு அடியிலும் மறைந்துவிடுகின்றன. வாடிக்கையாளர் அவற்றைக் காண்பதில்லை. அவர் காணாதவற்றையும் சரியாகச் செய்வதே தொழிலாளியின் நேர்மை.

கைத்திறனுக்கு ஓர் ஏணி

தோட்டங்களில் பார உந்துகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்த்த தலைமுறை, பெரும்பாலும் பார்த்தும் செய்தும் இத்தொழிலைக் கற்றது. இன்று அதே கைத்திறனுக்கு நாடு முழுவதும் ஏற்கப்படும் சான்றிதழ் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்கு மேல், நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவும் உள்ளன. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படையாக அமைந்துள்ளது. வாகனத் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொழிற்கல்லூரிகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் சேர்ந்து இந்த ஏணியில் ஏறலாம்.

எந்த நிலைக்கு உயர்ந்தாலும், துருப்பிடித்த திருகாணி ஒன்று எதிரே வரத்தான் செய்யும். அப்போது, எவ்வளவு பலமாகத் திருகலாம் என்று எண்ணுவதற்கு முன், அது ஏன் அசையவில்லை என்று கேட்டுப் பாருங்கள். காரணம் தெரிந்தால் பொருத்தமான கருவியும் தெரிந்துவிடும்.

அருஞ்சொற்பொருள்

மரை – திருகாணியிலும் துளையிலும் உள்ள சுருள் வெட்டு
சக்கரக் குடம் – சக்கரத்தின் நடுப்பகுதி
திருப்புவிசை – ஒரு பொருளைச் சுழலச் செய்யும் விசையின் அளவு
ஆப்பு – இடைவெளியில் அடித்து இறுக்கப் பயன்படும் கூரிய துண்டு
பார உந்து – லாரி

கேள்விகள்

1. பிரேக் தட்டை எப்போது மாற்ற வேண்டும்? எல்லையைக் கடந்த தட்டினால் ஏற்படும் கேடுகள் இரண்டினை எழுதுக.
2. அச்சாணிக்கும் பிரேக் தட்டின் திருகாணிக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது?
3. திருகாணி இறுகிப்போவதற்கான மூன்று காரணங்களை உன் சொந்த நடையில் விளக்குக.
4. சாதாரணத் திருப்புளியைவிட 'இம்பெக்ட் டிரைவர்' சிறந்தது எனக் கட்டுரையாளர் கூறுவதற்குக் காரணம் என்ன?
5. அந்த இளைஞனின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்? வாடிக்கையாளரிடம் என்ன கூறுவாய்? காரணத்துடன் எழுதுக.
6. உன் வட்டாரத்தில் கைத்தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலில் எதிர்கொள்ளும் 'இறுகிய திருகாணி' எது என்று கேட்டறிக. அவர் கூறியதை 120 சொற்களில் தொகுத்து எழுதுக.